திமிங்கலத்துக்கு முன்பணம்

அக்கா பணி ஓய்வு பெற்ற அன்று, புதுச்சேரி கோரிமேட்டில் அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் சால்வை போட்டு, கேக் வெட்டி, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் பிரசவ வார்டுதான் அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். கடைசியாக ஓர் இளம் நர்ஸ் மைக்கை அவளிடம் நீட்டி, "சிஸ்டர், இனிமே என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"திமிங்கலம் பாக்கப் போறேன்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிறேன், தம்பி பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். அக்கா நர்சிங் பயிற்சியில் இருந்தாள். வைத்திக்குப்பம் கரையில் ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியிருக்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மணலில் இழுத்து வைத்திருந்த படகுகளுக்கு நடுவே அது கிடந்தது. பக்கத்தில் படகுகள் எல்லாம் பொம்மைகளாகத் தெரிந்தன. நாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மீன் விற்கும் பெண் ஒருத்தி தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அக்கா கிட்டே போய், மூடிய கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். நோயாளியின் நெற்றியில் வைப்பாளே, அப்படி. நான் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்: "செத்ததப் பாத்துட்டேன். இத உசுரோட பாக்கணும்டி."

அதற்குப் பிறகு அப்பாவின் நோய், அம்மாவின் நோய், தம்பியின் படிப்பு, என் கல்யாணம், என் கணவரின் மறைவு, என் மகளின் படிப்பு என்று வருஷங்கள் போய்விட்டன. அவள் அந்த ஆசையைப் பற்றி அதிகம் பேசவில்லை. தொலைக்காட்சியில் திமிங்கலம் வந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

நான் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் தேடுகிற வேலை எனக்கு வந்தது. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரெயூனியோன் என்று ஒரு தீவு இருக்கிறது. இன்றும் பிரான்சைச் சேர்ந்தது. வருஷத்தின் நடுவிலிருந்து அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் தென்துருவப் பக்கமிருந்து குட்டி போடுவதற்காக அங்கே வருகின்றன. கரையிலிருந்து சிறு படகில் போனாலே பார்க்கலாம் என்று படித்தேன். "குட்டி போடவா?" என்று அக்கா கேட்ட விதத்திலேயே இடம் முடிவாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களின் பெரிய படகுகள் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "மாமல்லபுரம் டூர் பஸ் மாரி இருக்கு" என்றாள். கடைசியில், சொந்தப் படகு வைத்து ஆறேழு பேரை மட்டும் கூட்டிப்போகும் ஒரு பெண்ணின் இணையப் பக்கம் கிடைத்தது. அவளேதான் படகோட்டி. நான் ஆசிரியை என்பதையும் அக்காவின் முழங்கால் வலியையும் சொல்லி, அவளுக்கு முறையான பிரெஞ்சில் ஒரு மெயில் எழுதினேன். பதில் மறுநாளே வந்தது. அக்காவுக்கு முழங்கால் எப்படி, கடல் மயக்கம் வருமா, நீச்சல் தெரியுமா, புதுச்சேரியில் இப்போது வெயிலா மழையா என்று வரிசையாகக் கேள்விகள். எழுத்துப்பிழைகள் நிறைய. முடிவில், "நீ ஆசிரியை என்கிறாய். என் தப்புகளைத் திருத்தி அனுப்பிவிடாதே!" என்று எழுதியிருந்தாள்.

நம் மொழியைப் போலவே பிரெஞ்சிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. பழகாதவர்களிடம் 'நீங்கள்'தான். இவளோ முதல் கடிதத்திலேயே என்னை 'நீ' என்று கூப்பிட்டாள். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

இடத்தை உறுதிசெய்யப் பாதிப் பணத்தை முன்னதாக அனுப்பச் சொல்லி, தன் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுதியிருந்தாள். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஒருவர், மகனும் மருமகளும் வெளிநாட்டில் தங்குவதற்கென்று கடற்கரை விடுதி ஒன்றுக்கு இங்கிருந்தே முழுப் பணமும் கட்டியிருந்தார். பிள்ளைகள் போய் இறங்கினால் அந்த முகவரியில் பெட்ரோல் பங்க் இருந்ததாம். அவர் அந்தக் கதையை ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் முடிவில் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிடும். இது அக்கா ஆயுசு முழுக்க உழைத்த பணம். கண்ணால் பார்க்காத ஒருத்திக்கு, கடல் தாண்டி எப்படி அனுப்புவது?

இருவரும் வங்கிக்குப் போனோம். வெளிநாட்டுப் பணம் பார்க்கும் இருக்கையில் ஓர் இளம்பெண் அதிகாரி இருந்தாள். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள்.

"திமிங்கலத்துக்கு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் சுற்றுலா என்று போட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, அவங்கள நேர்ல தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கவுண்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் திரும்பப் புடிக்கிறது ரொம்பக் கஷ்டம். கார்டுல வாங்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. கார்டுன்னா, சொன்ன வேல நடக்கலன்னா எங்ககிட்ட புகார் குடுக்கலாம். மொத்தமா கட்டாதீங்க. கொஞ்சமாக் கட்டுங்க. மிச்சத்த அங்க போய்க் குடுங்க."

வீட்டுக்கு வந்து அதையே படகுக்காரிக்கு எழுதிக் கேட்டேன். கோபித்துக்கொள்வாளோ என்று தயக்கமாகத்தான் இருந்தது. அவள் கோபப்படவில்லை. தன்னிடம் கார்டு வசதி இல்லை என்றும், துறைமுகத்தில் சிறு படகுக்காரர்களுக்குச் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாக முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றும் எழுதினாள். நாங்கள் காத்திருந்தோம்.

பதில் வந்தது. அதே முகவரியிலிருந்துதான் வந்தது. இடங்கள் வேகமாக நிரம்புகின்றனவாம். இன்று மாலைக்குள் முழுத்தொகையையும் அனுப்பினால் தள்ளுபடியாம். தணிக்கை நடப்பதால் பழைய கணக்குக்கு அனுப்ப வேண்டாம், இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பவும் என்றிருந்தது. புதுக் கணக்கு வேறொரு நாட்டில் இருந்தது. அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"சரி, கட்டிடு. எடம் போயிடப் போவுது" என்றாள்.

"இல்லக்கா. இது அவ எழுதுனது மாரி இல்ல."

"அதே அட்ரஸ்லேந்துதான வந்துருக்கு?"

"ஆமா. ஆனா என்ன 'நீங்க'ன்னு கூப்புடுறா."

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "மரியாதையாக் கூப்புட்டா அது ஒரு குத்தமா?"

"ஒரு தப்புகூட இல்லக்கா இதுல. என் பசங்க இப்படி எழுதுனா நூத்துக்கு நூறு போட்டுடுவேன். அவளுக்கு இப்படி எழுத வராது. ஒன் முழங்காலப் பத்தி ஒரு வார்த்த கேக்கல பாரு."

வார்டில் ஏதோ சரியில்லை என்று பட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அந்த முகம் வந்தது. "அப்ப எழுதிக் கேக்காத. அந்தம்மா கொரல நான் கேக்கணும். போன் போடு."

மெயிலின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைக்கப் போன விரலை நிறுத்தினேன். கடிதமே பொய்யானால் எண் மட்டும் எப்படி மெய்யாகும்? அவளுடைய இணையப் பக்கத்தில் எண் எதுவும் இல்லை, படகின் பழைய புகைப்படம் ஒன்றுதான் இருந்தது. அதில் படகின் பக்கவாட்டில் பெரிதாக ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது வேறு எண். ஆனால் கடைசி இலக்கத்தைப் படகில் தொங்கிய டயர் பாதி மறைத்திருந்தது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். மூன்று என்று போட்டோம். தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் ஓர் ஆள் திட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எட்டு என்று போட்டோம்.

மணி அடித்தது. பிறகு காற்று. ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சல் மட்டும் சற்று நேரம் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "யாரு?" என்று பிரெஞ்சில் கத்தியது.

"புதுச்சேரியிலிருந்து" என்றேன்.

"பொந்திஷேரி!" என்று அவள் கூவினாள். "முழங்கால் எப்படி இருக்கிறது?"

நான் மொழிபெயர்ப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவதான்" என்றாள். அக்காவுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. மாதாகோயில் பூசையில் சின்ன வயதில் கேட்ட பாட்டுகளோடு சரி. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

நான் மெயிலைப் பற்றிச் சொன்னேன்.

"நான் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை" என்றாள். "நான் மூன்று நாளாக மெயில் பெட்டியைத் திறக்கவேயில்லை. எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்." பிறகு, மெதுவாக, "என் பெட்டிக்குள் யாரோ இருக்கிறார்கள். கடவுளே. எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்கள்?"

எங்களை நம்பவைக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, வீடியோவில் வருகிறேன் என்றாள். திரையில் வந்த முகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வைத்திக்குப்பத்தில் மீன் கூடையோடு எதிரே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படி ஒரு முகம். அதே கறுப்பு, அதே நெற்றி. கன்னத்தில் எஞ்சின் எண்ணெய். அவளுடைய கொள்ளுத்தாத்தாவோ அவருக்கும் முந்தியவரோ கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவராம். எந்த ஊரென்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். தமிழ் ஒரு வார்த்தைகூட அவளுக்கு வரவில்லை. ஃபோனைத் திருப்பி, கழற்றிய எஞ்சினைக் காட்டினாள், படகைக் காட்டினாள், நாங்கள் கேட்டதும் டயரை ஒதுக்கி அந்த எட்டைக் காட்டினாள். அதற்குப் பின்னால் கடல் கிடந்தது. மாலை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"நம்ம கடல்தான்டி அது" என்றாள் அக்கா. வரைபடத்தில் நான் எத்தனை முறை பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன். எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது.

பேச்சை முடிக்கும்போது படகுக்காரி சொன்னாள்: "இப்போது வைக்கிறேன். நான் எல்லோருக்கும் ஃபோன் செய்ய வேண்டும்."

சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு அவளே அழைத்தாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றி, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டாயிற்று. அந்தப் பருவத்துக்குப் பதிவு செய்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டாள். ஒரு குடும்பம் பணம் அனுப்புவதற்காக வங்கி வாசலில் நின்றபோது இவள் அழைப்பு போயிருக்கிறது. ஆனால் பெல்ஜியத்தில் ஒரு வயதான தம்பதி முன்னமே முழுப் பணத்தையும் அந்தப் பொய்க் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஐயோ, பாவம்" என்றேன். "அவர்கள் இனி வரமாட்டார்கள் இல்லையா?"

"ஏன் வரமாட்டார்கள்? வருகிறார்கள். நான் கூட்டிப் போகிறேன்."

"உனக்குத்தான் பணமே வரவில்லையே."

"வரவில்லைதான்" என்றாள். "ஆனால் அவர்கள் அனுப்பியது என் பெயரைப் பார்த்து. அந்தக் கிழவரும் கிழவியும் கரையில் நிற்க, நான் எப்படிப் படகை எடுப்பேன்?"

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "இப்பக் கட்டலாம்" என்றாள்.

சங்கத்தின் இணையப் பக்கத்தில் கார்டால் கட்ட ஏற்பாடு செய்திருந்தாள் படகுக்காரி. முன்பணத்தையும் அவளே குறைத்துவிட்டாள். மீதியைப் படகிலிருந்து இறங்கிய பிறகு கொடுத்தால் போதுமாம். வங்கிப் பெண்ணிடம் கேட்டு, அக்காவின் கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் போகும் வழியை அன்றைக்கு மட்டும் திறந்தோம். இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லையும் வைத்தோம். மெயிலில் எதையும் தொடாமல், இணைய முகவரியைப் படகுக்காரி வாயால் சொல்லச் சொல்ல நானே எழுத்தெழுத்தாக அடித்தேன். அக்காவின் ஃபோனுக்கு ரகசிய எண் வந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை ஒவ்வொன்றாகப் படித்தாள். பொத்தானை அழுத்தினேன். சின்னச் சக்கரம் ஒன்று திரையில் சுற்றியது. அது நின்றதோ இல்லையோ, பேச்சைத் துண்டிக்காமல் வைத்திருந்த என் தொலைபேசியில் படகுக்காரியின் குரல், "வந்துவிட்டது!" என்றது.

அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க தொட்டா அங்க மணி அடிக்குது" என்றாள். "ஆனா அந்தப் பக்கம் இருக்குறவ நல்லவளா இருக்கணும். அதத்தான் எந்த மிஷினும் காட்ட மாட்டுது." வழியை மறுபடி மூடிவிட்டோம்.

காலாண்டு விடுமுறையில் கிளம்பினோம். அக்காவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். சென்னையில் ஏறி, இடையில் ஒரு தீவில் மாறி, அங்கே போய் இறங்கினோம். மறுநாள் துறைமுகத்தில் படகுக்காரி எங்களுக்காகக் காத்திருந்தாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். எங்களைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அக்கா வெட்கத்தில் நெளிந்துவிட்டு, பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவளும் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். சோறு, தக்காளித் துவையல் போல ஒன்று, வதக்கிய கீரை. கீரையைக் காட்டி, "மூரும்" என்றாள். அக்கா வாயில் போட்டு மென்றாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"முருங்க" என்றாள்.

"மூரும்" என்றாள் அவள்.

"முருங்கடி!" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள். எந்த ஊரிலிருந்து போனோம் என்பதை மறந்த ஒரு குடும்பம், கீரையின் பெயரை மட்டும் தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

பெல்ஜியத் தம்பதியும் வந்திருந்தார்கள். கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் நின்றார். படகு கிளம்பிய பின் என்னிடம் தாழ்ந்த குரலில், "நாங்கள் மடையர்கள், அம்மா" என்றார். சுக்கானைப் பிடித்திருந்த படகுக்காரிக்கு அது கேட்டுவிட்டது. திரும்பாமலே, "மடையர்கள் என்றால் சந்தோஷப்படுங்கள். திமிங்கலத்துக்கு மடையர்களைத்தான் பிடிக்கும்" என்றாள். கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. நீலம் கறுத்துக்கொண்டே போனது. தீவின் மலைகள் பின்னால் மேகத்துக்குள் போய்விட்டன. அக்கா படகின் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை இமைக்காமல் நின்றாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

பிறகு தூரத்தில் கடல் மூச்சுவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. சத்தம் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது, பெரிய துருத்தியை அமுக்கினது போல. படகுக்காரி வேகத்தைக் குறைத்து, அங்கத்திய சட்டம் சொல்கிற தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டாள். "இனி நாம் போகக்கூடாது. அவள் விருப்பப்பட்டால் வருவாள்" என்றாள்.

அவள் வந்தாள். தண்ணீருக்கடியில் வெளிறிய பச்சையாக ஏதோ விரிந்துகொண்டே வந்தது. அது அவளுடைய பக்கத்துடுப்பு என்று புரிவதற்கே எனக்கு நேரமாயிற்று. அதற்குப் பின்னால் வந்த உடம்புக்கு முடிவே இல்லை. அதன்மேல், அவள் முதுகில் சாய்ந்துகொண்டு, குட்டி. குட்டி என்று சொல்வது தப்பு. எங்கள் படகின் நீளம் இருக்கும் அது. ஆனாலும் குட்டிதான். ஒரு மூச்சு எடுக்கும், புரளும், தாயின் மேல் ஏறும், வழுக்கி விழும். தாய் அசையவேயில்லை. குட்டி சற்றுக் களைத்ததும், அவள் கீழே போய், தன் முதுகால் அதை மெல்ல மேலே தூக்கினாள். குட்டி தண்ணீருக்கு மேலே வந்து மூச்சுவிட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. அழுகிய மீனும் ஈரமும் கலந்த அந்த வாடை எங்கள் முகமெல்லாம் தூறலாக விழுந்தது.

அக்கா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால், குட்டி விடும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை குழந்தைகளுக்கு அப்படி எண்ணியிருப்பாளோ.

"நல்லாருக்கு" என்றாள் என்னிடம். கண்ணெல்லாம் தண்ணீர். "கொழந்த நல்லாருக்கு."

அப்போதுதான் தாய் பக்கவாட்டில் சாய்ந்தாள். தண்ணீருக்குச் சற்றுக் கீழே அவள் கண் தெரிந்தது. திறந்திருந்தது. அந்த உடம்புக்கு அது சின்னக் கண். பழுப்பு நிறம். அது எங்களைப் பார்த்தது. மாடு பார்ப்பதுபோலவோ மீன் பார்ப்பதுபோலவோ இல்லை. யார் இவர்கள் என்று பார்த்தது. பெல்ஜியக் கிழவி தன்னையறியாமல் அக்காவின் கையைப் பற்றியிருந்தாள். அக்கா மறு கையை நீட்டினாள். தொடுகிற தூரமில்லை. தொட வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, காற்றில் அப்படியே வைத்திருந்தாள்.

தாயும் குட்டியும் கீழே போன பிறகு படகுக்காரி ஒரு நீண்ட கம்பியின் முனையில் கட்டிய ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். எங்கோ ஓர் ஆண் திமிங்கலம் பாடிக்கொண்டிருக்கும் என்றாள். படகிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கதவு முனகுவதாகத் தொடங்கும், குழந்தை கேள்வி கேட்பதுபோல உயரும், பிறகு நெஞ்செலும்பில் அதிரும் அளவுக்கு இறங்கும். கிழவர் தொப்பியை மறுபடி கழற்றினார். இந்த முறை கோயிலில் கழற்றுவதைப் போல. எங்கள் காலுக்கடியில் அந்தப் பாட்டு எத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கிறதோ. நாங்கள் கரையில் பஸ் பிடித்துக்கொண்டும், வகுப்பெடுத்துக்கொண்டும், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறோம்.

கரைக்கு வந்ததும் அக்கா மீதிப் பணத்தை உறையோடு இரண்டு கையாலும் கொடுத்தாள். படகுக்காரி வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கிழவரும் ஓர் உறையை நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் மீண்டும் நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். "நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். என்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்." அவர் மனைவிதான் அந்த உறையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். அவரைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "ரெண்டையும் பாத்துட்டேன்" என்றாள். எந்த இரண்டை என்று நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து சில மாதங்கள் கழித்துப் படகுக்காரியிடமிருந்து செய்தி வந்தது. பெல்ஜியத்தில் அவர்கள் வங்கி, போன பணத்தில் ஒரு பகுதியை வழியிலேயே நிறுத்திவைத்திருந்ததாம். அது திரும்பக் கிடைத்ததும் கிழவர் செய்த முதல் வேலை, இவளுக்கு ஃபோன் செய்து, கணக்கு எண்ணை இவள் வாயாலேயே சொல்ல வைத்து, ஓர் இலக்கத்தையும் விடாமல் திருப்பிப் படித்துக் காட்டி, படகுக் கட்டணத்தை அனுப்பியதுதான். இந்த முறை அவள் மறுக்கவில்லை. புது எஞ்சினுக்கு முன்பணம் கட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

இப்போது அக்காவும் அவளும் குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். அக்கா தமிழில் பேசுகிறாள். மீன் என்ன விலை, மழை வந்ததா, முழங்கால் எப்படி, வார்டில் பழைய தோழிக்குப் பேரன் பிறந்தது, எல்லாம். அவள் தன் தீவில் பேசும் கிரியோல் என்ற கலப்புப் பிரெஞ்சில் பதில் போடுகிறாள். ஆரம்பத்தில் நான் மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "இரு, நான் கேட்டுக்கறேன்." காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தக் காற்றையும் குரலையும் முழுசாகக் கேட்பாள். முடிந்ததும் "சரி" என்பாள். பிறகு பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.